அறுபத்தொன்பதாவது வண்டி

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. தேதி, நேரம், வண்டிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு கொட்டகைக் கதவில் ஆணியால் கீறி வைத்தேன். அந்தக் கதவு இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து எண்ணிப் பார்க்கலாம். அறுபத்தொன்பது கோடுகள்.

பேய் என்றால் நள்ளிரவு என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மத்தியானம் 2 மணி 43 நிமிடத்துக்கு ஆரம்பித்தது. 3 மணி 5 நிமிடத்துக்கு முடிந்தது. முடிந்தது என்றுதான் இருபத்தாறு வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1968, அக்டோபர் 19, சனிக்கிழமை. மினசோட்டாவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்து நான்கு மைல் உள்ளே, ஐலா அக்காவின் மாட்டுப் பண்ணை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பண்ணைகளுக்குக் கான்கிரீட் போடுவதுதான் தொழில். கூடவே வேலை செய்தவன் ரூடி, என் மனைவியின் தம்பி. நல்ல உழைப்பாளி. ஆனால் குடிப்பான். அந்த வருடம் குடிக்க மாட்டேன் என்று தன் அக்காவின், அதாவது என் மனைவியின், தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். நான் பாதிதான் நம்பினேன்.

வேலை இதுதான். அதுவரை எல்லோரும் பாலைக் கேனில் ஊற்றி ரோட்டோரம் வைப்போம், லாரி வந்து எடுத்துப் போகும். பால் வாங்கும் கம்பெனி அதை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. நவம்பர் ஒன்றாம் தேதிக்குமேல் கேன் கிடையாது. குளிரூட்டும் எஃகுத் தொட்டி இருந்தால்தான் பால் எடுப்பார்கள். தொட்டி 29ஆம் தேதி வருகிறது. அது உட்கார ஒரு தளம் வேண்டும். தளம் இல்லையென்றால் தொட்டி இல்லை. தொட்டி இல்லையென்றால் ஐலா அக்காவின் இருபத்திரண்டு மாடுகளும் ஏலத்துக்குப் போகும்.

தளம் ஒரே மூச்சில் போட வேண்டும். பாதி போட்டு நிறுத்தினால் பழைய பாதி இறுகிவிடும், புதியது அதோடு ஒட்டாது. அந்தக் கோட்டில்தான் பிறகு விரிசல் விடும், தொட்டியின் கால் இறங்கும். டவுனிலிருந்து கலவை லாரியைக் கூப்பிடலாம் என்றால், ஓடைப் பாலம் மரப்பாலம். அத்தனை எடையைத் தாங்காது. ஆகவே டிராக்டரோடு இணைத்துச் சுற்றும் மிக்சரில் நாங்களே கலந்து, ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளி வந்து கொட்டுவதென்று முடிவு.

கணக்கு சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். இந்தக் கதையில் பேயைவிடக் கணக்கு முக்கியம்.

தளம் பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், முக்கால் அடி கனம். பெருக்கினால் எழுபத்திரண்டு கன அடி. ஒரு மூட்டை சிமெண்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. ஆறு பங்கு போட்டால் ஆறு கன அடி வராது. ஜல்லிக்கு நடுவே இருக்கும் காலி இடத்தில் மணல் புகுந்துகொள்ளும். மணலுக்கு நடுவே சிமெண்ட் புகுந்துகொள்ளும். கடைசியில் நான்கு கன அடிதான் தேறும். என் வண்டி ஒரு கன அடி பிடிக்கும். ஆக, பதினெட்டு கலவை. எழுபத்திரண்டு வண்டி.

இதில் ஒரு விஷயம். தளம் எப்போதும் கணக்கைவிடக் கூடத்தான் குடிக்கும். தரையில் அங்கங்கே பள்ளம் இருக்கும், பலகை கொஞ்சம் வெளியே தள்ளும். எழுபத்திரண்டு என்றால் எழுபத்து மூன்று ஆகும், எழுபத்து நான்கு ஆகும். குறையாது. நான் போட்ட நூற்றுக்கணக்கான தளங்களில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

காலையில் நான் போனபோது பக்கப் பலகைகள் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தன. வெயிலிலும் பனியிலும் சாம்பல் நிறமாகிப் போன தேவதாரு பலகைகள். உள்ளே புல் முளைத்திருந்ததை ஐலா அக்கா பிடுங்கி வைத்திருந்தார்.

“யாரு கட்டினது?” என்றேன்.

“என் வீட்டுக்காரர்தான்.”

அவர் பெயர் மார்ட்டி. ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே தளத்துக்காகப் பலகை கட்டிவிட்டு, சிமெண்ட் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பி வரவில்லை. மேற்கே எங்கோ கட்டட வேலை செய்கிறார் என்று பேச்சு. ஐலாதான் கொன்று புதைத்துவிட்டாள் என்றும் சிலர் பேசினார்கள். எங்கள் ஊரில் நீண்ட குளிர்காலத்துக்கு அந்த மாதிரிப் பேச்சு தேவைப்படும்.

“நூத்தித் தொண்ணூறு பவுண்டு எடை இருப்பாரு அந்த ஆளு,” என்றார் அக்கா. “பொறுப்பு ரெண்டு பவுண்டு கெடையாது. தளம் போட்டுட்டுத்தான் மறுவேலைன்னாரு. இந்தா, இன்னும் மறுவேலை பாத்துக்கிட்டிருக்காரு.”

மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பலகையின் உள்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் பெரிதாக ஓர் எண் எழுதியிருந்தது. 69. பக்கத்தில் சின்னதாக, ‘வண்டி’.

“தப்பால்ல இருக்கு,” என்றேன். “எழுபத்திரண்டு வரணும்.”

“அவரு கணக்கு எப்பவுமே கொறச்சலாத்தான் வரும் தம்பி. நீ உன் கணக்கப் பாரு.”

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பலகையை இவ்வளவு சரியாகக் கட்டத் தெரிந்த ஆள் பெருக்கலில் மூன்று வண்டி விடுவாரா?

தரையில் ஜல்லி பரப்பித் திமிசு போட்டு இறுக்கினேன். கம்பிகளை ஒரு அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டினேன். நானே கட்டினேன், ஒவ்வொரு முடிச்சும். அந்தச் சட்டத்துக்குள் ஜல்லியையும் கம்பியையும் தவிர வேறெதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் 12:30க்கு முதல் கலவை. ஐலா அக்கா மிக்சரில் போடுவார். ரூடி வண்டி தள்ளுவான். நான் கொட்டியதைப் பரப்பி, கதவில் ஒரு கோடு கீறுவேன். மிக்சர் கொட்டகை மூலைக்கு அந்தப் பக்கம், தண்ணீர்க் குழாயருகே இருந்தது. தளத்திலிருந்து பார்த்தால் தெரியாது. டிராக்டர் சத்தம் மட்டும் கேட்கும்.

குளிர் அதிகம் என்பதால் வெந்நீர் ஊற்றிக் கலந்தோம். அப்போதுதான் சீக்கிரம் இறுகும். கொட்டும்போதெல்லாம் கலவையிலிருந்து ஆவி எழும்பியது. 1:40 வாக்கில் ஏரிப் பக்கமிருந்து மூடுபனியும் வந்துவிட்டது. ஆவியும் பனியுமாய், எட்டு அடிக்கு அப்பால் இருப்பவன் வெறும் நிழல்.

எட்டு அடி வரை போட்டதும் மட்டப்பலகை இழுத்தோம். இது இரண்டு ஆள் வேலை. தளத்தின் அகலத்தைவிட நீளமான ஒரு பலகையைப் பக்கப் பலகைகள் மேல் குறுக்காக வைத்து, இந்த முனையை ஒருவர், அந்த முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரம்பம் அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே பின்னால் இழுக்க வேண்டும். மேடு வழித்துக்கொண்டு வரும், பள்ளம் நிரம்பும். எதிரே இருப்பவனின் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. கண் முழுக்கப் பலகைக்கு முன்னால் உருளும் கலவையின் மேல்தான் இருக்கும். எதிராளியைக் கண்ணால் தெரிந்துகொள்வதில்லை. கையால்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு இழுப்பு. ரூடியின் இழுப்பு நீளமானது, அவசரமானது.

“மச்சான், எனக்குப் பசிக்குது.”

“முடிச்சுட்டுத் தின்னலாம். இழு.”

“சத்தியம் பண்ணினது குடிக்கிறதுக்குத்தான். சோத்துக்கு இல்ல.”

2:38. அறுபத்தொன்பதாவது வண்டி. கோடு கீறினேன். பதினெட்டாவது கலவையின் முதல் வண்டி அது. இன்னும் மூன்று பாக்கி. தளத்தின் முனையில் கடைசி அரை அடி காலியாக இருந்தது. அரை அடி, எட்டு அடி, முக்கால் அடி. மூன்று கன அடி. கணக்கு அப்படியே வந்துகொண்டிருந்தது.

2:41. டிராக்டர் நின்றது.

“ரூடி,” என்று குரல் கொடுத்தேன். என்ன கோளாறோ, சரி செய்வார்கள். ஆனால் கலவை காத்திருக்காது. கடைசி நான்கு அடி இன்னும் மட்டம் இழுக்கவில்லை.

2:43. எதிர்ப்பக்கம் ஆள் வந்து நின்றது. குனிந்தது. பலகையின் அந்த முனையைப் பிடித்தது.

“எங்கடா போன? சரி, இழு.”

இழுத்தோம்.

முதல் இழுப்பிலேயே தெரிந்தது. இது ரூடியின் இழுப்பு இல்லை. குட்டையாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் வந்தது. என் மணிக்கட்டு தானாகவே அந்தத் தாளத்துக்கு மாறிக்கொண்டது. அவ்வளவு நல்ல இழுப்பு.

குடித்திருக்கிறான் என்று நினைத்தேன். குடித்தால்தான் ரூடி நிதானமாவான்.

“டேய். ஊத்திக்கிட்டியா?”

பதில் இல்லை.

ஒரு அடி வந்தோம். அந்த முனை பலகையைத் தூக்கி, பக்கப் பலகையில் தட்டியது.

டக். டக்.

ஒட்டியிருக்கும் கலவையை உதிர்க்கத் தட்டுவது. சிலர் தட்டுவார்கள். ரூடி தட்டினதே இல்லை.

ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆவிக்குள் கைகள் மட்டும் தெரிந்தன. கம்பளிக் கையுறை. சாம்பல் நிறம், மணிக்கட்டில் சிவப்புக் கரை. ரூடி போட்டிருந்தது ரப்பர் கையுறை. கம்பளி நனைந்தால் சிமெண்ட் தோலை அரித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

கீழே பார்த்தேன். தோல் பூட்ஸ்.

ரூடியுடையது பச்சை ரப்பர் பூட்ஸ்.

விளையாடுகிறானா? அக்கா வீட்டில் எதையோ எடுத்து மாட்டிக்கொண்டு... எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் இன்னும் வரவில்லை.

“வேல முடியட்டும்டா. அப்புறம் பேசிக்கிறேன்.”

இரண்டாவது அடி. டக். டக்.

மூன்றாவது அடி. டக். டக்.

அப்போதுதான் கவனித்தேன். முனையில் காலியாக இருந்த அரை அடி... நிரம்பிக்கொண்டிருந்தது.

பலகை வழித்துத் தள்ளும் கலவை கொஞ்சம்தான். ஒரு வாளி இருக்கும். அது மூன்று கன அடியை நிரப்பாது. ஆனால் தளத்துக்குள்ளேயே ஏதோ மெல்ல உப்புவதுபோல், கலவை முன்னால் நகர்ந்து நகர்ந்து பலகையின் விளிம்புவரை ஏறியது. குளியல் தொட்டியில் ஒரு ஆள் இறங்கினால் தண்ணீர் ஏறுமே. அப்படி.

நிமிரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நிமிரக் கூடாது என்று தோன்றியது.

நான்காவது அடி. கடைசி இழுப்பு.

டக்.

இரண்டாவது தட்டு வரவில்லை.

என் கையில் பலகை லேசானது.

3:05.

நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

அதே நொடியில் கொட்டகை மூலைக்கு அந்தப் பக்கமிருந்து ரூடியின் குரல் கேட்டது. “மச்சான்... சுத்தியல் எங்க வச்ச? இருபது நிமிசமா கல்ல வச்சுத் தட்டிக்கிட்டிருக்கேன்.”

ஓடினேன். மிக்சரின் தண்டில் ஒரு ஆணி இருக்கும். சுமை அதிகமானால் முதலில் அது முறியும்படிதான் வைத்திருப்பார்கள், இயந்திரம் தப்பிக்க. அது முறிந்திருந்தது. ரூடி மல்லாந்து படுத்து முறிந்த துண்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். பச்சை பூட்ஸ். ரப்பர் கையுறை. வாயில் வாடை எதுவும் இல்லை.

ஐலா அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“அங்க யாரு தட்டினது?” என்றார்.

“ரூடி இங்கேயேவா இருந்தான்?”

“டிராக்டர் நின்னதுல இருந்து இங்கதான். தட்டினது யாரு, அதச் சொல்லு.”

திரும்பிப் போய் மட்டப்பலகையைப் பார்த்தேன். என் முனை முழுக்கச் சிமெண்ட் படிந்த விரல் தடங்கள். அந்த முனை சுத்தமாக இருந்தது. துடைத்து வைத்தாற்போல.

அடுத்தது மிச்சத்தைப் பற்றிய சண்டை. மிக்சருக்குள் மூன்று வண்டிக் கலவை மீந்துவிட்டது. தளமோ விளிம்புவரை நிறைந்து நின்றது. ஊற்ற இடமில்லை.

ஐலா அக்கா தளத்தைப் பார்த்தார். மிக்சரைப் பார்த்தார். பிறகு வயலோரம் குவிந்திருந்த கற்களைப் பார்த்தார். எங்கள் பக்கம் எல்லாப் பண்ணையிலும் அந்தக் குவியல் இருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் உழும்போது மண்ணுக்குள்ளிருந்து பாறாங்கல் மேலே வரும். ஏமாற்று வேலைக்காரர்கள் அதைத் தூக்கித் தளத்துக்குள் போட்டு மேலே மூடிவிடுவார்கள். சிமெண்ட் மிச்சம். பத்து வருடத்தில் தளம் பிளக்கும்.

“வெய்க்கோ,” என்றார். அதுவரை என்னைப் பெயர் சொல்லாமல் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார். “கல்லு போட்டியா?”

“இல்லக்கா.”

“நாங்க ரெண்டு பேரும் அங்க இருந்தப்ப நீ மட்டும்தான் இங்க இருந்த.”

“நான் மட்டும் இல்லக்கா,” என்று சொல்லிவிட்டேன்.

“வேற யாரு?”

தளத்தைப் பார்த்தேன். என்ன சொல்வது?

ரூடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஒத்த ஆளா எப்படி மச்சான் மட்டம் இழுத்த?” என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

மிச்சக் கலவையை அள்ளி ஓடைக்கரைப் பள்ளத்தில் கொட்டினோம்.

இனி தேய்ப்பு. போட்டவுடன் தேய்க்கக் கூடாது. கனமானது கீழே இறங்கும், தண்ணீர் மேலே வரும். அது வந்து, நின்று, காய வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரல் நனையக் கூடாது. அப்போதுதான் எஃகுத் தேய்ப்புக் கரண்டியை எடுக்கலாம். 5:20க்குத் தளம் தயாரானது. ஓர் இடத்தைத் தவிர. கடைசி நான்கு அடியில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, உள்ளங்கை அளவு. அங்கே மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

துடைத்துத் தேய்த்தேன். மறுபடி வந்தது. மறுபடி தேய்த்தேன்.

ஏழு முறை.

ஏழாவது முறை கரண்டி அந்த இடத்தைக் கடந்தபோது, அடியிலிருந்து லேசாகத் தூக்கிக் கொடுத்தது. மூச்சு வாங்கும் வயிற்றின் மேல் கை வைத்தால் தெரியுமே... அவ்வளவுதான்.

கரண்டியைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டில் வேலை முடிந்தால் நீராவிக் குளியலும் காபியும் உண்டு. அன்றைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

29ஆம் தேதி தொட்டி வந்து உட்கார்ந்தது. தளம் அசையவில்லை. இருபத்திரண்டு மாடுகளும் தப்பின.

அதற்கு முந்தின நாள், 28ஆம் தேதி, ஐலா அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். வடக்கு டகோட்டாவில் தானியக் கிடங்கு கட்டும் ஒரு மேஸ்திரி எழுதியது. மார்ட்டி அங்கேதான் மூன்று வருடமாக வேலை செய்திருக்கிறார். 19ஆம் தேதி சனிக்கிழமை, கிடங்கின் தளத்துக்கு மட்டப்பலகை இழுத்துக்கொண்டிருந்தவர், 2:43க்கு அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. டாக்டர் வந்து பார்த்து 3:05க்கு உயிர் போய்விட்டதென்று சொன்னாராம். சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். தோல் பூட்ஸ் இருந்தது. கையுறை மட்டும் இல்லை.

“சாம்பல் கம்பளி,” என்றார் அக்கா. “நான் பின்னினது.”

“மணிக்கட்டுல சிவப்புக் கரையா?”

அவர் கடிதத்தை மடித்தார்.

“அன்னைக்கு ரெண்டு ரெண்டாத் தட்டினது நீயா தம்பி?”

“இல்லக்கா.”

“அவரு அப்படித்தான் தட்டுவாரு. கதவாயிருந்தாலும் சரி, பலகையாயிருந்தாலும் சரி. ரெண்டு.”

எழுந்து வாசல்வரை போனார். திரும்பினார்.

“அப்பவும் அந்த மூணு வண்டி?”

பேய் விஷயத்தில் வேண்டுமானால் அவர் என்னை நம்பினார். கல் விஷயத்தில் நம்பவில்லை.

ரூடி கடைவீதியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எனக்குப் பெயரே மாறியது. மூணு வண்டி வெய்க்கோ. “மூணு வண்டி வாரான்ப்பா, கல்லையெல்லாம் எண்ணி வச்சுக்கங்க,” என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆனால் வேலைக்குக் கூப்பிடுவது குறைந்துபோனது. இரண்டு வருடத்தில் தொழிலை விட்டு, ரயில்வேயில் சேர்ந்தேன். இருபத்தாறு வருடங்களில் அந்தத் தளம் ஒரு மயிரிழைகூட விரிசல் விடவில்லை. அதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு முறை மட்டும் பால் அறைக்குப் போனேன். அந்தத் தளத்தைச் சுற்றித்தான் சுவரெழுப்பிக் கூரை போட்டிருந்தார்கள். கடும் பனிக்காலம். தளம் ஐஸாக இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில், அந்த உள்ளங்கை அளவு இடத்தில், ஒரு கொட்டகைப் பூனை படுத்திருந்தது.

“எப்பவும் அங்கதான் படுக்கும்,” என்றார் அக்கா. “அந்த எடம் மட்டும் சில்லுனு இருக்காது.”

பூனை தூங்கவில்லை. காதைத் தரையோடு ஒட்டி வைத்திருந்தது.

1994, மே மாதம். அக்கா இறந்து இரண்டு வருடம். பண்ணையை வாங்கியவர் பால் அறையை இடித்தார். தளத்தை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போனேன். ஒரே ஒரு காரணம்தான். உள்ளே கல் இல்லை என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். நாலு பேர் பார்க்கும்படி காட்ட வேண்டும்.

காலை 10:20. இயந்திரம் ஓட்டியவர் லைல் என்று ஒருவர், வெளியூர்க்காரர். துண்டு துண்டாக உடைத்துப் புரட்டினார். ஒவ்வொரு துண்டாக நான் பார்த்தேன். ஜல்லி. மணல். கம்பி. நல்ல சுத்தமான கான்கிரீட். ஒரு கல்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

10:50. கடைசி நான்கு அடி. பெரிய துண்டாகவே பெயர்ந்து வந்தது. லைல் அதைத் தலைகீழாகப் புரட்டி வைத்தார்.

இயந்திரத்தை நிறுத்தினார்.

“என்னங்க இது,” என்றார். “உள்ள என்னத்தப் போட்டு மூடினீங்க?”

அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம். நீளமாக, ஆறடிக்கு. தலை. தோள். முதுகு. கால்கள். ஒரு ஆள் மல்லாந்து படுத்திருந்து, அவரைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றி, பிறகு அவரை மட்டும் எடுத்துவிட்டாற்போல. காலின் அச்சில் பூட்ஸ் கயிறு தெரிந்தது.

உள்ளே எலும்பு இல்லை. துணி இல்லை. ஒன்றும் இல்லை.

நான் கட்டிய கம்பிகள் மட்டும் இருந்தன. பள்ளத்துக்குக் குறுக்கே, நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், நேராக ஓடின. வளையவில்லை. முடிச்சு அவிழவில்லை. அங்கே ஒரு உடல் இருந்திருந்தால் கம்பி அதைத் துளைத்துத்தான் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. கான்கிரீட் மனிதனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். இறுகாத பச்சைக் கான்கிரீட்டில் விழுந்தவன் முங்க மாட்டான். மிதப்பான். அடியில் கிடக்கவே முடியாது.

எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஐந்து கேலன் வாளியால் தண்ணீர் மொண்டு அந்தப் பள்ளத்தில் ஊற்றினேன். எண்ணிக்கொண்டே ஊற்றினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அரை.

நிரம்பியது.

நாலரை வாளி. மூன்று கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் அறுபத்திரண்டு பவுண்டு சொச்சம். மனிதன் ஏறக்குறைய தண்ணீரின் எடைதான். மூன்று கன அடிக்கு நூற்று எண்பத்தேழு, நூற்றுத் தொண்ணூறு பவுண்டு.

மூன்று வண்டி.

லைல் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

தண்ணீர் மெல்ல இறங்கியது. எங்கோ கசிந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில், வலது தோளிலிருந்து, ஒரு துளை சாய்வாக, ஆழமாகப் போனது. தளத்தின் மேற்பரப்பை நோக்கி.

கையை விட்டேன்.

முழங்கைவரை போனது. நுனியில் என் விரல்கள் ஐந்து குழிகளில் போய் உட்கார்ந்தன. உள்ளங்கை மேற்பரப்பைப் பார்த்து விரிந்திருந்தது. மேலே தள்ளுகிற கை. சுற்றிலும் கம்பளிப் பின்னலின் தடம், ஒவ்வொரு கண்ணியாக விரலில் தட்டுப்பட்டது.

அதற்கு அப்பால் முட்டை ஓடு கனத்துக்குத்தான் கான்கிரீட் இருந்தது. அதன் மறுபக்கம்தான் பூனை படுத்திருந்த இடம். நான் ஏழு முறை தேய்த்து மூடிய இடம்.

விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். பெருவிரலில் பின்னல் இருந்தது. மோதிர விரலில் இருந்தது. சுண்டுவிரலில் இருந்தது.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியில் மட்டும் பின்னல் இல்லை. அந்த இரண்டு இடமும் வழவழவென்று, மற்றவற்றைவிட ஆழமாகக் குழிந்திருந்தன.

இருபத்தாறு வருடம் உள்ளிருந்து தட்டித் தட்டித் தேய்ந்ததுபோல.